எடுத்து வைத்த ஒட்டு நெல்லில் ஏன் பதர்?

கேள்வி: போன வருஷம் கடையில் வாங்கிய வீரிய ஒட்டு நெல் நன்றாக விளைந்தது. அதிலேயே விதை எடுத்து இந்த வருஷம் நட்டேன். பயிர் ஒன்று உயரம், ஒன்று குட்டை. நடுநடுவே சில தூர்களில் மணியே பிடிக்கவில்லை. நோயா? மருந்து அடிக்கலாமா?
ஒரு விவசாயி, கூடலூர், நீலகிரி

பதில்: ஐயா, மருந்துக்குச் செலவு செய்யாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பிறப்பிலேயே வந்த மலடு.

நெல் தன் பூவின் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும் பயிர். வயல் முழுக்க ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து ஒட்டுச் சேர்க்க யாராலும் முடியாது. அதனால் மகரந்தம் வேலை செய்யாத செடியையே தாயாக வைக்கிறார்கள். 1970-ல் சீனாவின் ஹைனான் தீவில் காட்டு நெல்லில் அப்படி ஒரு செடி கிடைத்தது. நம் நாட்டு ஒட்டு ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதன் வழிதான் தாய்வழி. அந்த மலட்டுத்தன்மை செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் இருப்பதால் தாய் மூலமாகவே இறங்கும். தகப்பன் ரகத்தில் அதை அடக்கும் மீட்பு ஜீன்கள் இருக்கும். ஆர்எஃப்3, ஆர்எஃப்4 இரண்டும் முக்கியமானவை. கடை விதையில் எல்லாச் செடிக்கும் இவை கிடைத்துவிடுவதால் மணி நிறைகிறது.

நீங்கள் எடுத்த விதையில் மலடு எல்லாச் செடிக்கும் போயிருக்கிறது, மீட்பு ஜீன்கள் மட்டும் பிரிந்துவிட்டன. சராசரியாக 16 செடியில் ஒன்றுக்கு இரண்டுமே கிடைக்காது. அது கிட்டத்தட்ட முழுப் பதர். பலம் குறைந்த ஆர்எஃப்3 மட்டும் கிடைத்தவை அரைகுறையாக மணி பிடிக்கும். உயர வித்தியாசமும் இதே பிரிவினையால் வந்ததுதான்.

இன்னும் பூக்காத பக்கத் தூர் இருந்தால் பாருங்கள். மலட்டுச் செடியில் மகரந்தப் பை வெளுத்துச் சுருங்கியிருக்கும், கதிரின் அடிப்பகுதி கண்ணாடி இலையின் (கதிரை ஒட்டி வரும் கடைசி இலை) உறைக்குள்ளேயே சிக்கியிருக்கும். நல்ல செடியில் பை மஞ்சளாகத் திரண்டிருக்கும். உங்கள் ஊர்க் குளிரும் பதர் உண்டாக்கும்தான். ஆனால் தொண்டைக் கதிர்ப் பருவத்தில், அதாவது கதிர் உறைக்குள் இருக்கும்போது, குளிர் அடித்தால் ஒரே சமயத்தில் கதிர் வந்த பயிர் மொத்தமும் பாதிக்கும், இப்படித் தனித்தனித் தூராக நிற்காது.

அதே குளிரால் பயன்பெறும் நெல்லும் உண்டு. வெப்பத்தில் மலடாகி, சுமார் 24 டிகிரிக்குக் கீழே தானே மணி பிடிக்கும் தாய் ரகங்கள் இருக்கின்றன. அவற்றின் விதையைப் பெருக்கக் கூடலூர் மாதிரி இடம்தான் தோது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வீரிய ஒட்டு நெல் மதிப்பீட்டு மையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒரு கதிரைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சரி, இப்போது நிற்கிற பயிரை அறுத்துச் சாப்பாட்டுக்கு வையுங்கள். விதைக்கு ஒரு மணிகூட எடுக்காதீர்கள். ஒட்டு நெல்தான் வேண்டுமென்றால் வருஷா வருஷம் புது விதை வாங்க வேண்டும். சொந்த விதைதான் வேண்டுமென்றால் கந்தகசாலை என்ற பாரம்பரிய வாசனை நெல் மாதிரி, குணம் மாறாமல் விளையும் நிலைத்த ரகத்துக்குப் போங்கள்.