போதைப்பொருள், கொலை பற்றிய படங்களில் அதிகம் பேசப்படாத, ஆனால் உங்களை விடாத படம் எது?

ஸ்பைக் லீ இயக்கி 1995இல் வெளிவந்த ‘க்ளாக்கர்ஸ்’. முடிச்சை அவிழ்க்காமல் இந்தப் படத்தைப் பற்றி எனக்குப் பேச வராது. பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு, படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பதில் எங்கும் ஓடிவிடாது.

நான் முதலில் சொல்ல வேண்டியது வயிற்றுப்புண்ணைப் பற்றி. எனக்கு இருபத்தெட்டு வயதில் அது வந்தது. பால் குடித்தால் எரிச்சல் அடங்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அரை மணி நேரம் அடங்கவும் செய்யும். பிறகு அந்தப் பாலே அமிலத்தைக் கூடச் சுரக்கவைத்து, முன்னைவிட மோசமாகப் பிடுங்கும். படத்தின் நாயகன் ஸ்ட்ரைக் அதைத்தான் செய்கிறான். இருபது வயதுகூட ஆகாத பையன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அரசுக் குடியிருப்பின் முற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கிராக் விற்கிறான், அதாவது புகைக்கும் வகைக் கொக்கெய்ன். பாட்டில் பாட்டிலாகச் சாக்லேட் பால் குடிக்கிறான். ஒரு கட்டத்தில் இரத்த வாந்தி எடுக்கிறான். இந்த வகைப் படங்களில் கட்டுக்கட்டாகப் பணம் எண்ணும் வியாபாரிகளைத்தான் பார்த்திருக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனியும் வியாபாரியை இதில்தான் பார்த்தேன். அந்தத் தொழிலின் பயம் அவன் முகத்தில் இல்லை, குடலில் இருக்கிறது.

படத்தின் தலைப்பும் அந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். கடிகாரம் போல இரவும் பகலும் முற்றத்திலேயே கிடந்து விற்பவர்களுக்கு அந்தப் பெயர். விற்பனை நடக்கும் விதத்தைப் படம் அவசரமில்லாமல் காட்டுகிறது. பணம் ஒருவன் கைக்குப் போகிறது, பொட்டலம் வேறொருவன் கையிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒருவனிடம் சேர்த்துப் பிடித்தால்தானே வழக்கு நிற்கும்? நியூயார்க் மாநிலத்தில் 1973 முதல் இருந்த ராக்ஃபெல்லர் சட்டங்கள், சில அவுன்ஸ் போதைப்பொருளுக்கே பதினைந்து ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை என்றன. அத்தனை கடுமையான தண்டனை வியாபாரத்தை நிறுத்தவில்லை. பெஞ்சில் உட்காருகிறவர்களின் வயதைத்தான் குறைத்தது. கிராக் தெருவுக்கு வந்து சேர்ந்த பின், 1990இல் நியூயார்க் நகரில் மட்டும் 2,200க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. படத்தின் தொடக்கத்தில், சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞர்களின் உடல்கள் ஒவ்வொன்றாகப் புகைப்படங்களாக வந்து போகின்றன. அவை படத்துக்காக அமைத்து எடுக்கப்பட்டவைதான்; தெரிந்திருந்தும் இரண்டாம் முறை அந்த இடத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை.

கதை எளியது. ஸ்ட்ரைக்கின் முதலாளி ராட்னி, டெல்ராய் லிண்டோ நடித்திருக்கும் பாத்திரம். ஒரு சின்னக் கடை நடத்துகிறார், பையன்களிடம் தகப்பனைப் போலப் பரிவாகப் பேசுகிறார். அந்தக் கனிந்த குரலில்தான், ஓர் உணவகத்தில் வேலை பார்க்கும் டாரில் தன்னிடமே திருடுகிறான் என்று சொல்கிறார். அவனைத் தீர்க்க வேண்டும் என்று நேராக ஆணையிடுவதில்லை. பெஞ்சிலிருந்து மேலே வர ஆசையிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பையனுக்குப் புரிந்துவிடுகிறது. ஊரில் பெரிய மனிதர்கள் சிலர் காரியம் சாதிப்பதும் இப்படித்தான், ‘செய்’ என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வரவே வராது.

அன்றிரவே டாரில் சுட்டுக் கொல்லப்படுகிறான். பிணத்தைச் சுற்றி நின்று காவலர்கள் வேடிக்கை பேசுகிறார்கள். பிறகு ஸ்ட்ரைக்கின் அண்ணன் விக்டர் முன்வந்து ‘நான்தான் சுட்டேன், தற்காப்புக்காக’ என்று ஒப்புக்கொள்கிறான்.

விக்டர் யார்? இரண்டு வேலை பார்க்கிறவன். மனைவி, இரண்டு குழந்தைகள். அந்தக் குடியிருப்பை விட்டு வெளியேறக் காசு சேர்க்கிறவன். அவன்மேல் ஒரு பழைய வழக்குகூட இல்லை. துப்பறிவாளர் ராக்கோ கிளைனுக்கு (ஹார்வி கைடெல்) இது ஒட்டவே இல்லை. தம்பி கிராக் விற்கிறவன், அண்ணன் உத்தமன். ஆகவே தம்பி செய்த கொலையை அண்ணன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான் என்று முடிவு கட்டி, ஸ்ட்ரைக்கை விடாமல் துரத்துகிறார். கூட வேலை செய்பவருக்கு இதில் அக்கறையில்லை. ஒப்புதல் கிடைத்துவிட்டது, வழக்கு முடிந்தது, அவ்வளவுதான் அவருக்கு.

நானும் ராக்கோவின் கட்சிதான். முதல்முறை பார்த்தபோது, ஸ்ட்ரைக் சுட்டதை இயக்குநர் மறைத்து வைத்திருக்கிறார், கடைசியில் எடுத்துக் காட்டுவார் என்று உறுதியாகக் காத்திருந்தேன். கடைசியில் அண்ணன் தம்பி இருவரின் தாய் வந்து உண்மையைச் சொல்கிறாள். சுட்டது விக்டர்தான். மறைப்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை, அவன் முதல் நாளே சொல்லிவிட்டான். இரண்டு வேலையின் களைப்பும் அடக்கி வைத்த கோபமும் ஒரு துப்பாக்கியும் சேர்ந்த ஓர் இரவு. விக்டராக நடித்த ஐசயா வாஷிங்டன் விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கும் விதத்தை இரண்டாம் முறை கவனியுங்கள். பொய் சொல்பவனின் தடுமாற்றம் என்று முதலில் நான் எடுத்துக்கொண்டது முழுக்க அசதி.

ராக்கோ நல்லவரா? இதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. நியாயம் தேடுகிறார் என்று முக்கால்வாசிப் படம்வரை நினைத்தேன். ஆனால் ‘நல்ல கறுப்பன்’, ‘கெட்ட கறுப்பன்’ என்று இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு ஆட்களைப் பிரித்துப் போடும் மனிதர் அவர். வாயில் வரும் வசைச் சொற்களும் அதற்குச் சாட்சி. அதே மனிதர்தான், ஸ்ட்ரைக்கை அண்ணன் போலப் பின்தொடரும் சிறுவன் டைரோன் ஒருவனைச் சுட்டுவிடும்போது, அந்தச் சிறுவன் தப்பிக்கும்படி வாக்குமூலத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். படத்தின் சிறந்த காட்சி அதுவே. சிறுவன் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அந்த நினைவுக்குள்ளேயே ராக்கோ வந்து நின்று அவன் பேச வேண்டிய சொற்களை எடுத்துக் கொடுக்கிறார். பொய்யான வாக்குமூலம் எப்படித் தயாராகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. அதுவும் கருணையால் தயாராகிறது. உண்மையைச் சொன்ன விக்டரை நம்ப மறுத்தவர், இங்கே பொய்யைத் தானே எழுதித் தருகிறார்.

குறைகளும் உண்டு. டெரன்ஸ் பிளான்சர்டின் இசை நல்ல இசைதான், ஆனால் பேசவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. டைரோன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் மூழ்கிக் கிடக்கும் காட்சி, கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துவது போல இருக்கிறது. இந்த வகைப் படங்களுக்கே இதோடு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஸ்பைக் லீ எடுத்தார். சில இடங்களில் அந்த எண்ணம் கதையைவிடச் சத்தமாகக் கேட்கிறது. மூலநாவல் ரிச்சர்ட் பிரைஸ் 1992இல் எழுதியது. நியூ ஜெர்சியில் ஒரு கற்பனை நகரில் நடக்கும் அந்தக் கதையை, லீ தனக்குப் பழக்கமான புரூக்ளினுக்குக் கொண்டுவந்துவிட்டார். முதலில் இதை இயக்கவிருந்தவர் மார்ட்டின் ஸ்கோர்செசி. பிறகு தயாரிப்பாளர்களில் ஒருவராக மட்டும் நின்றார். அவர் எடுத்திருந்தால் ராக்கோவின் படமாகியிருக்கும் என்பது என் ஊகம். லீயின் கையில் அது ஸ்ட்ரைக்கின் படமாகிவிட்டது. ஸ்ட்ரைக்காக நடித்த மெகாய் ஃபைஃபருக்கு இது முதல் படம், பொதுத் தேர்வுக்கு வந்த கூட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவர்.

ஸ்ட்ரைக்குக்கு இரயில் பைத்தியம் உண்டு. வீட்டில் பொம்மை இரயில்களைத் தண்டவாளத்தோடு பரப்பி வைத்திருக்கிறான், ஆனால் உண்மையான இரயிலில் ஏறியதில்லை. கடைசியில் ராக்கோ அவனை நியூயார்க்கின் பென் ஸ்டேஷன் இரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, திரும்பி வந்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டி அனுப்புகிறார். ஜன்னலோரத்தில் அவன் முகம், வெளியே பாலைவன வெயில். இந்த முடிவு கொஞ்சம் இனிப்பு அதிகம் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் அதே நேரத்தில் முற்றத்தில் இன்னொரு பையன் செத்துக் கிடக்கிறான், காவலர்கள் வந்து நிற்கிறார்கள். பொம்மை இரயில்கள் இப்போது டைரோனிடம் இருக்கின்றன. அவன் தரையில் உட்கார்ந்து அவற்றை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.