படகிலிருந்து வந்த லோரான் பெட்டி: பெட்டியை விடுங்கள், டப்பாவைப் பிடியுங்கள்

கேள்வி: பாஸ்டன் பக்கம் இருக்கிறேன். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இங்கே ஒரு ஹாம் சந்தையில், மீன்பிடிப் படகிலிருந்து கழற்றிய லோரான்-சி (கரை நிலையங்களின் ரேடியோ துடிப்புகளை வைத்து படகு இருக்கும் இடத்தைச் சொன்ன பழைய முறை) ரிசீவர் ஒன்றை 15 டாலருக்கு வாங்கினேன். கூடவே ஒரு குச்சி ஆன்டெனாவும், அதன் அடியில் மாட்டும் சின்ன டப்பாவும் வந்தன. 12 வோல்ட் கொடுத்தால் திரை எரிகிறது. ஆனால் எந்த நிலையத்தையும் பிடிக்கவில்லை. பழுதா? இதை வைத்து ஹாம்களின் 136 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கேட்க முடியுமா?

பதில்: பெட்டியில் பழுது இருக்க வேண்டும் என்பதில்லை. அது தேடுகிற நிலையங்கள்தான் இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2010 பிப்ரவரி 8 அன்று லோரான்-சியை நிறுத்தத் தொடங்கியது. உங்கள் கரையில் படகுக்காரர்கள் நம்பியிருந்தது 9960 என்ற சங்கிலியை, அதாவது சேர்ந்து இயங்கிய நிலையக் கூட்டத்தை. செனெகா அதன் தலைமை நிலையம். நான்டுக்கெட், காரிபூ போன்றவை துணை நிலையங்கள். 99,600 மைக்ரோ செகண்டுக்கு ஒரு முறை துடிப்புகள் கூட்டமாக வரும். தலைமைக்கும் துணைக்கும் உள்ள நேர இடைவெளியை அளந்து பெட்டி இடத்தைச் சொல்லும். இப்போது அளக்க எதுவும் வருவதில்லை.

136க்கு இந்தப் பெட்டி உதவாது. இதில் ட்யூனிங் என்பதே கிடையாது. 100 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளுக்காக மட்டுமே கட்டியது. பிரித்து மாற்றலாமே என்று தோன்றும். வேண்டாம், ஒரு குளிர்காலம் வீணாகும்.

நீங்கள் கொடுத்த 15 டாலருக்கு உண்மையான மதிப்பு அந்தச் சின்ன டப்பாவில் இருக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 3 கிலோமீட்டர். அதன் முன் இரண்டு மூன்று மீட்டர் குச்சி ஒன்றுமே இல்லை. அதை நேராக கேபிளில் மாட்டினால் கிடைக்கிற கொஞ்ச சிக்னலையும் கேபிளே விழுங்கிவிடும். அதனால்தான் குச்சியின் அடியிலேயே ஒரு பெருக்கியை வைத்தார்கள். அதற்கான மின்சாரம் ரிசீவரிலிருந்து அதே கேபிள் வழியாக மேலே போகும்.

எனவே முதல் வேலை மல்டிமீட்டருக்கு. பெட்டியின் ஆன்டெனா முனையில் எத்தனை வோல்ட் டிசி வருகிறது, நடுக்கம்பி பிளஸ்ஸா மைனஸா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வோல்ட்டை ஒரு சின்ன சுற்று வழியாகக் கொடுக்கலாம்: கேபிளுக்கும் உங்கள் ரேடியோவுக்கும் நடுவே டிசியைத் தடுக்க ஒரு கெப்பாசிட்டர், கேபிளுக்கு டிசி ஏற்ற ஒரு சோக் (டிசியை விட்டு, சிக்னலைத் தடுக்கும் கம்பிச் சுருள்). எச்எஃப்புக்கு (ஷார்ட் வேவ்) போடும் சின்ன மதிப்புகள் இங்கே போதாது. 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 100 கிலோஹெர்ட்ஸில் 1.6 ஓம்தான், 1 மில்லிஹென்ரி சோக் சுமார் 628 ஓம். 50 ஓம் கேபிளுக்கு இந்த ஜோடி சரியாக இருக்கும்.

அடுத்த தடை ஃபில்டர். லோரானுக்கு வேண்டியது 90 முதல் 110 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டுமே. டப்பாவுக்குள் அந்தப் பட்டைக்கான ஃபில்டர் இருந்தால் 136 தேய்ந்து போய்த்தான் வெளியே வரும். முதலில் தொடாமலே கேட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் ஃபில்டர் சுருள்களைத் தாண்டி ஒரு கம்பி போடுங்கள். ஆனால் அப்போது மீடியம் வேவ் நிலையங்கள் உள்ளே புகுந்து பெருக்கியைத் திணறடிக்கும். ரேடியோவுக்கு முன்னால் வைக்கும் லோ-பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த அலைவரிசைகளை மட்டும் விடுவது) ரேடியோவைத்தான் காப்பாற்றும். பெருக்கியைக் காப்பாற்ற, டப்பாவுக்குள் அதற்கு முன்பே ஏதாவது தடுப்பு வேண்டும்.

கேட்பதற்கு கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டு போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். 192 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் மாதிரி எடுக்கும் கார்டுகூட 96 வரைதான் எட்டும். 60ல் வரும் டபிள்யூடபிள்யூவிபி நேர சிக்னலுக்கு அது போதும், 136க்குப் போதாது. அடி அலைவரிசை வரை இறங்கும் எஸ்டிஆர் (கம்ப்யூட்டர் மென்பொருளால் இயங்கும் ரேடியோ) ஒன்று வேண்டும்.

ஆன்டெனாவை வீட்டை விட்டு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, தனி எர்த் கம்பியோடு நடுங்கள். இந்த அலைவரிசையில் எல்இடி பல்பும் போன் சார்ஜரும்தான் பெரிய எதிரிகள்.

பழைய வழிகாட்டி ரிசீவர்களை ஹாம்கள் இப்படி வேறு வேலைக்கு இழுப்பது புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மலிவாக வந்த பிசி-453 விமான ரிசீவரை, தங்கள் 455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப் (ரேடியோ சிக்னலை உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை) ரேடியோவின் வாலில் கட்டி, நெரிசலில் ஒரு மோர்ஸ் சிக்னலை மட்டும் பிரித்துக் கேட்டார்கள். அதன் ஐஎஃப் 85 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அவ்வளவு கூர்மை.

ஒரு எச்சரிக்கை: இந்த டப்பா கேட்க மட்டும். ஒலிபரப்பும் ரேடியோவில் இதை மாட்டிவிட்டு தெரியாமல் பிடிடியை (அனுப்பும் பொத்தானை) அழுத்தினால் பெருக்கி அந்த நொடியே போய்விடும். அனுப்பவும் ரேடியோ இருக்கிறது என்றால், இதைத் தனி எஸ்டிஆரில்தான் மாட்ட வேண்டும்.