மறு: லைவ் ராக்கில் ஊதாப் பாசி வெளுக்கிறது

உங்கள் கடல்நீர் மீன் தொட்டியில் 100 லிட்டர் நீர், கால்சியம் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு), மக்னீசியம் 1120 பிபிஎம், ஆல்கலினிட்டி (நீரிலுள்ள கார்பனேட்டின் அளவு) 6 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), லைவ் ராக்கில், அதாவது உயிரினங்கள் குடியிருக்கும் பாறையில், படர்ந்த கோரலைன் என்னும் ஊதாப் பாசி ஓரங்களிலிருந்து வெளுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைந்திருப்பதைக் கவனியுங்கள். எனக்கு முதல் சந்தேகம் உப்புத்தன்மை மேல்தான். உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரால் அல்ல, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலால் சரிபார்த்துவிட்டு அளந்து பாருங்கள். ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.022 அளவில் வந்தால், ஆவியாகும் நீருக்குப் பதில் உப்புநீர் ஊற்றி, நாளுக்கு 0.001 வீதம் 1.025க்குக் கொண்டு வாருங்கள். மற்ற அளவுகளும் கூடவே ஏறும்.

உப்பு சரியாக இருந்தால் மக்னீசியத்தில் தொடங்குங்கள். கோரலைன் கட்டுவது மக்னீசியம் மிகுந்த கால்சைட். அதோடு, மக்னீசியம் குறைந்த நீரில் நீங்கள் போடும் கால்சியமும் கார்பனேட்டும் ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளையாகப் படிந்து வீணாகும். 84 கிராம் மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் உங்கள் தொட்டியில் 100 பிபிஎம் உயர்த்தும். 2 நாளாகப் பிரித்துக் கரைத்து ஊற்றுங்கள். பிறகு சமையல் சோடா: 3 கிராமுக்கு 1 டிகேஎச் கூடும், நாளுக்கு அதற்கு மேல் வேண்டாம். கால்சியத்தை அதே வேளையில் சேர்க்காதீர்கள், இரண்டும் சந்தித்தால் பால்போல் கலங்கிவிடும்.

லைட்டை அண்மையில் கூட்டினீர்களா? பாறையின் மேற்புறம் மட்டும் வெளுத்து, நிழல் பக்கம் ஊதாவாகவே இருந்தால் காரணம் அதுதான். அப்படியானால் மருந்து எதுவும் வேண்டாம், ஒளியைக் குறைத்து மெல்ல ஏற்றுங்கள்.