இருவரோடு நின்றுவிட்டதா உங்கள் குழு?

“பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டை ஆடத் தொடங்கிப் பத்து மணி நேரமாகிவிட்டது. ஷேடோஹார்ட், அஸ்டாரியன் இருவர்தான் உடன் இருக்கிறார்கள். மற்றவர்களைத் தவறவிட்டுவிட்டேனா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. இந்த விளையாட்டில் தோழர்கள் வந்து சேர்வது நீங்கள் ஆடிய மணிக்கணக்கைப் பொறுத்ததல்ல. எந்த இடத்துக்குப் போனீர்கள், அங்கே யார் பக்கம் நின்றீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் அங்கத்திலேயே இன்னும் நால்வர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

கப்பல் விழுந்த கடற்கரைக்குச் சற்று வடக்கே, மரத்தில் தொங்கும் கூண்டுக்குள் லேசெல் இருக்கிறாள். கீழே நிற்கும் இரண்டு டீஃப்ளிங்குகளை (கொம்புள்ள மனித இனத்தவரை) பேசி அனுப்பிவிட்டுக் கூண்டை இறக்குங்கள்; சண்டை தேவையில்லை. பக்கத்துப் பாறையில் ஊதா நிறத்தில் சுழலும் வட்டத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டிருக்கும். பயப்படாமல் பிடித்து இழுங்கள், கேல் வெளியே வந்து விழுவான். வில் என்னும் தோழன், இயற்கை மந்திரவாதிகளான ட்ரூயிட்களின் தோப்பு வாசலில் நடக்கும் சண்டையில் தென்படுவான். பிறகு உள்ளே சிறுவர்களுக்கு வாள் பயிற்சி அளித்துக்கொண்டிருப்பான். கார்லாக்கை ரைசன் ரோடு என்ற சாலையை அடுத்த ஆற்றங்கரையில் காணலாம். அவளைக் கொல்லத்தான் வில் தேடுகிறான். ஆனாலும் அவள் சொல்வதை முதலில் கேளுங்கள். இந்தக் கதையில் என் மனத்தை அதிகம் தொட்டவள் அவள்தான்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது அந்தத் தோப்பைத்தான். காப்ளின் என்ற குள்ள அரக்கர்களின் படையை நடத்தும் மிந்தாராவோடு சேர்ந்து அதைத் தாக்கினால் வில்லும் கார்லாக்கும் உங்களை விட்டுப் போய்விடுவார்கள், ட்ரூயிட்களின் தலைவர் ஹால்சினும் கிடைக்கமாட்டார். தோப்பைக் காத்துக்கொண்டே மிந்தாராவையும் சேர்க்க வழி உண்டு. காப்ளின் முகாமில் அவளோடு மோதும்போது ‘உயிர் பறிக்காத தாக்குதல்’ வசதியை இயக்கி, கடைசி அடியைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து கொடுங்கள். அம்போ மந்திரமோ பட்டால் இறந்துவிடுவாள். மயங்கி விழுந்தவளை இரண்டாம் அங்கத்தில் எதிரிகளின் கோட்டையான மூன்ரைஸ் கோபுரத்தில் மீட்கலாம். கோபுரத்தின் மீது படையெடுப்பதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். இரண்டாம் அங்கம் நடக்கும், நிழல் சூழ்ந்த நிலத்துக்குள் கால் வைக்கும் முன் முதல் அங்கத்தில் சேர்க்க வேண்டியவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் தோப்பின் கதை உங்களுக்காகக் காத்திருக்காது.

காப்ளின் சிறையில் கரடி உருவில் இருக்கும் ஹால்சினை விடுவித்தால் உங்கள் முகாமுக்கு வருவார். ஆனால் இரண்டாம் அங்க நிலத்தைப் பீடித்த நிழல் சாபத்தை நீக்கிய பிறகே சண்டைக்குத் துணை வருவார். அதே அங்கத்தில் லாஸ்ட் லைட் விடுதியில் சந்திக்கும் ஜஹீரா என்ற வீராங்கனை மூன்ரைஸ் படையெடுப்பில் உடன் நின்று, அது முடிந்ததும் நிரந்தரமாகச் சேர்வார். அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: மூன்றாம் அங்கத்தில் மின்ஸ்க் என்னும் தோழர் வேண்டுமென்றால் ஜஹீரா குழுவில் இருந்தாக வேண்டும்.

உங்களையும் சேர்த்து நால்வர்தான் ஒரே நேரத்தில் நடக்க முடியும் என்பதற்காக யாரையும் மறுக்காதீர்கள். மற்றவர்கள் முகாமில் இருப்பார்கள். அனுபவப் புள்ளிகள் அவர்களுக்கும் சேர்ந்துகொண்டே இருக்கும். இன்றிரவு முதல் வேலையாக லேசெல்லின் கூண்டை இறக்குங்கள்.