வாசகர் பக்கம் ஒரு திரை: கேள்வி – பதில்

எங்கள் பிரதேச சபை நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் ஒரேயொரு கணினி. தேடிக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் மொனிட்டரைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறோம். பழைய மொனிட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வாசகர் பக்கம் வைக்கலாமா?
— நூலக உதவியாளர், ஹட்டன்

தாராளமாக வைக்கலாம். முதலில் கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய மொனிட்டரில் வயர் செருகும் நீல நிற விஜிஏ வாய் மட்டும் இருந்து, கணினியில் எச்டிஎம்ஐ வாய் மட்டுமே மிஞ்சியிருந்தால், நடுவில் ஒரு கன்வர்ட்டர் வேண்டும். கடையில் 'எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு' என்று சொல்லியே வாங்குங்கள். எதிர்த்திசையில் வேலை செய்வதும் பார்வைக்கு அப்படியே இருக்கும். மாறிவிட்டால் படம் வராது. தனி கிராபிக்ஸ் கார்ட் உள்ள கணினியென்றால் இரண்டு வயரையும் அந்தக் கார்டிலேயே செருகுங்கள். பல கணினிகளில் மற்ற வாய்கள் அப்போது இயங்குவதில்லை.

பிறகு விண்டோஸ் விசையோடு 'பி' எழுத்தை அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும். பலரும் 'டூப்ளிகேட்' போட்டுவிடுகிறார்கள். அதில்தான் வில்லங்கம். உங்கள் மின்னஞ்சல், இன்னொருவர் இரவல் வாங்கிய கணக்கு, அவருடைய முகவரி எல்லாம் எதிரே நிற்பவருக்கும் தெரியும். டூப்ளிகேட்டில் இரண்டு திரைக்கும் ஒரே ரெசொலூஷன் (புள்ளி அளவு) போவதால், 1366×768 திரையும் 1920×1080 திரையும் சேர்ந்தால் ஒன்றில் எழுத்து மங்கும்.

'எக்ஸ்டென்ட்' போடுங்கள். நீங்கள் தள்ளிவிடும் ஜன்னல் மட்டுமே அந்தப் பக்கம் போகும். விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஜன்னல் தாவிவிடும். டிஸ்பிளே செட்டிங்ஸில் 1, 2 என்ற பெட்டிகளை மேசையில் உள்ளபடியே இடம் வலமாக வையுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் ஒரு பக்கம் தேட, அம்பு மறுபக்கம் ஓடும். உங்கள் திரையையே 'மெயின் டிஸ்பிளே' ஆக்கினால் அறிவிப்புகள் உங்கள் பக்கமே வரும்.

ஒரு சிக்கல் உண்டு. அந்தத் திரை முழுக்க வாசகரைப் பார்த்து நின்றால் அதில் நடப்பது உங்களுக்குத் தெரியாது. மேசை மூலையில், இருவரும் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். இடமே இல்லை, முதுகோடு முதுகுதான் வைக்கலாம் என்றால் டூப்ளிகேட் தவிர வழியில்லை. அப்போது மின்னஞ்சலும் சேமித்த கடவுச்சொற்களும் இல்லாத தனி விண்டோஸ் கணக்கொன்றை மேசைக்கென்றே உருவாக்குங்கள். அங்கத்தவர் விவரங்களை அதில் திறக்கவே வேண்டாம்.

வாசகர் பார்த்துக்கொண்டிருக்கத் தேடுவது சங்கடமாக இருக்கிறது. சொல்லைப் பிழையாக அடித்துவிட்டால்?
— பண்டாரவளை

அவர் திருத்துவார், அதற்குத்தானே திரை! 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் 1964ஆம் ஆண்டு இலங்கை – இந்திய ஒப்பந்தத்தைத் தேடும்போது 'சிறிமா – சாஸ்திரி' என்று மட்டும் அடித்து நிறுத்தாதீர்கள். 'ஸ்ரீமா', 'சிறிமாவோ' என்றும் எழுதியிருப்பார்கள். கேட்க வந்த பெரியவருக்கு உங்களைவிட அதிக வடிவங்கள் தெரிந்திருக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பென்றால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. இன்று நாம் அடிக்கும் யூனிகோட் தமிழில் சொல்லைக் கொடுத்தால் அகப்படாது. கன்ட்ரோலோடு கூட்டல் குறியை அழுத்தி எழுத்தை 150 வீதமாக்கினால் கண்ணாடி மறந்து வந்தவரும் வாசிப்பார்.

சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் அடுத்தடுத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். முந்தியவரின் சுட்டெண் அடுத்தவருக்குத் தெரிகிறதே?
— நாவலப்பிட்டி

பிரவுசர் நினைவில் வைத்துக் காட்டுகிறது. குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 'என்' அழுத்தி மறைவு ஜன்னலில் பாருங்கள். ஒருவர் முடித்ததும் எல்லா மறைவு ஜன்னல்களையும் மூடுங்கள். ஒன்று திறந்திருந்தாலும் அமர்வு தொடரும். தரவிறக்கிய கோப்பு மட்டும் மறைவு ஜன்னலை மூடினாலும் டவுன்லோட்ஸில் கிடக்கும். அச்செடுத்த கையோடு ஷிஃப்ட், டிலீட் அழுத்தி அழியுங்கள். சுட்டெண்ணைப் பிள்ளையே அடிக்கட்டும். சத்தமாகச் சொல்லச் சொல்லாதீர்கள்.

இடி மின்னலுக்கு யூபிஎஸ் போதுமா?
— தலவாக்கலை

போதாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி முழங்கத் தொடங்கியதும் கணினியை மூடி, இரண்டு மொனிட்டர்களின் பிளக்குகளையும் யூபிஎஸ் பிளக்கையும் கழற்றுங்கள். இணைய வயரையும் சேர்த்துத்தான். அதன் வழியாகவும் மின்னல் வரும்.