வயதானவர்களுக்கென்று தனி மருத்துவம் அவசியமா? எல்லா டாக்டரும் பார்ப்பதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டம், வாலிநோக்கம் பக்கம். அப்பத்தாவுக்கு 82 வயது. தானே மீன் ஆய்ந்து, தெருச் சண்டைக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷி. ஒருநாள் காலையில் தடுமாறி விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் என்னை, செத்துப்போன தன் தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கொண்டுபோன ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்) ஸ்கேன் நார்மல். "வயசாயிருச்சுல்ல, இப்படித்தான்" என்றார்கள். ராத்திரி எழுந்து எழுந்து போகிறார் என்று கையைக் கட்டிலோடு கட்டினார்கள். மூத்திரத்துக்கு டியூப், தூங்க ஊசி. நாலாம் நாள் கண்ணே திறக்கவில்லை. சொந்தபந்தமெல்லாம் பால் ஊற்றக் கிளம்பி வந்துவிட்டது.

பரமக்குடி, மானாமதுரை தாண்டி மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதியோர் மருத்துவம் தனியாகப் படித்த டாக்டர். அவர் முதலில் கேட்டது: "பத்து நாளைக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?" அதுவரை யாரும் கேட்கவில்லை. "ஊருக்கே தீர்ப்புச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு சார்" என்றேன். "அப்ப இது வயசுக் கோளாறு கிடையாது, என்னமோ நடந்திருக்கு" என்றார்.

அடுத்து மாத்திரை. மஞ்சப்பையைக் கொட்டினால் 11 வகை. பிரஷருக்கான நீர் மாத்திரையையே இரண்டு டாக்டர்கள் இரண்டு பேரில் எழுதியிருக்கிறார்கள். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, 118. 135க்கு மேல் இருக்க வேண்டும். தடுமாறி விழுந்ததும் ஆளை மாற்றிக் கூப்பிட்டதும் இதனால்தானாம். உப்பளத்து ஊரில் கருவாடு தின்று வளர்ந்தவருக்கு உப்புக் குறைவா என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும். அந்த மாத்திரை சோடியத்தை மூத்திரத்தோடு வெளியேற்றிவிடுமாம், வயதானவர்களுக்கு இது அதிகம். ஒரேயடியாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று மெல்ல மெல்லத்தான் ஏற்றினார்கள். டியூப்பை எடுத்தார்கள், கட்டை அவிழ்த்தார்கள், கண்ணாடியையும் பல்செட்டையும் மாட்டச் சொன்னார்கள், தினமும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். படுத்தே கிடந்தால் கால் சதை சீக்கிரம் கரைந்துவிடும்.

புத்தி தெளிந்துவிட்டது. நடைதான் பழையபடி இல்லை, கம்பு வேண்டியிருக்கிறது.

கிண்டியில் 2024இல் திறந்த 200 படுக்கை தேசிய முதியோர் மருத்துவமனை நமக்கு ஒரு ராத்திரி ரயில். அதற்குமுன் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் முதியோர் பிரிவு பற்றி விசாரியுங்கள். மாவட்ட மருத்துவமனையில் 10 படுக்கை முதியோர் வார்டு என்பது மத்திய அரசின் முதியோர் நலத் திட்டத்திலேயே இருக்கிறது. போகும்போது மாத்திரைப் பையை மறக்காதீர்கள்.

அப்பத்தா உட்கார்ந்து மீன் ஆயும் வீடியோ ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். இனி எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் காட்டுவேன்.