அறிவியல் கேள்வி – பதில்: காமா கதிர் வெடிப்பும் அதன் பின்னொளியும்

கேள்வி: காமா கதிர் வெடிப்பு சில நொடிகளில் முடிந்துவிடும் என்று படித்தேன். அதே வெடிப்பின் பின்னொளியை மாதக்கணக்கில் தொலைநோக்கிகள் கவனிக்கின்றன என்றும் படித்தேன். முடிந்துபோன ஒன்று எப்படித் தொடர்ந்து ஒளிர முடியும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டு ஒளிகளும் வெவ்வேறு இடங்களில் பிறப்பவை. பெருநிறை கொண்ட ஒரு விண்மீனின் மையம் தன்னுள்ளேயே சரிந்து கருந்துளையாகும்போதோ, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றாகும்போதோ, பொருளின் ஒரு சிறு பகுதி எதிரெதிர்த் திசைகளில் இரு குறுகிய தாரைகளாகப் பீறிடுகிறது. அதன் வேகம் ஒளியின் வேகத்தில் 99.99 விழுக்காட்டுக்கும் மேல். முதலில் நம்மை எட்டும் காமா கதிர்கள் இந்தத் தாரைக்குள்ளேயே உண்டாகின்றன. தாரை சீராகப் பாயாமல், விரைவான அடுக்குகளும் மெதுவான அடுக்குகளுமாக வெளியேறுவதால், பின்னால் வருவது முன்னால் போனதை முட்டிக் கதிர்வீசுகிறது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். தாரையோடு சேர்ந்து செல்லும் காந்தப்புலக் கோடுகள் அறுந்து மீண்டும் இணையும்போது விடுபடும் ஆற்றலே காரணம் என்பது மற்றொரு விளக்கம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வழக்கு தீரவில்லை.

பின்னொளியின் கதை இதைவிடத் தெளிவானது. தாரை ஒளியாண்டின் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குவரையான தொலைவைக் கடக்கும்போது, சுற்றிலும் பரவியிருக்கும் மெல்லிய வாயுவைப் போதிய அளவு வாரிச் சேர்த்துக்கொண்டு வேகம் குறையத் தொடங்குகிறது. அங்கே எழும் அதிர்ச்சி அலை எலக்ட்ரான்களை முடுக்குகிறது. முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்றபடி சிங்க்ரோட்ரான் கதிர்களை வெளியிடுகின்றன. அலை தளரத் தளர, ஒளியின் உச்சம் எக்ஸ் கதிரிலிருந்து கண்ணுறு ஒளிக்கும், வாரங்கள் கழித்து ரேடியோ அலைக்கும் இறங்குகிறது. வெடிப்பை உண்டாக்கிய மையம் அடங்கிவிட்டாலும் அது எறிந்த பொருள் ஓடிக்கொண்டே இருப்பதால், ஒளியும் தொடர்கிறது. காலம் பத்து மடங்கு ஆகும்போது ஒளி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக, பெரும்பாலும் அதற்கும் சற்றுக் கீழாக, மங்குகிறது.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஒளியாண்டின் பத்தில் ஒரு பங்கைக் கடக்க ஒளிக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமே, பின்னொளி மட்டும் எப்படி அடுத்த சில நிமிடங்களிலேயே தெரிகிறது? தாரை தான் வெளியிட்ட ஒளியின் பின்னாலேயே, ஏறக்குறைய அதே வேகத்தில், நம்மை நோக்கி வருகிறது. முதல் ஒளிக்கும் அடுத்த ஒளிக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளியே விழுவதால், அங்கே வாரக்கணக்கில் நடந்தது நமக்குச் சில நிமிடங்களாகச் சுருங்கித் தெரிகிறது.

கேள்வி: இவை நம் பால்வீதிக்கு வெளியே, கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் நடக்கின்றன என்பதை எப்படி உறுதி செய்தார்கள்?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: பின்னொளியைக் கொண்டுதான். அணுகுண்டுச் சோதனைத் தடை மீறப்படுகிறதா என்று கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2 அன்று முதல் வெடிப்பைப் பதிவு செய்தன. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினர் 1973இல் தங்கள் கண்டுபிடிப்பை வெளியிட்டனர். 1991 முதல் 2000 வரை காம்ப்டன் விண் ஆய்வகத்தின் பேட்சே கருவி 2,704 வெடிப்புகளைக் கண்டது. அவை வானம் முழுவதும் சமமாகச் சிதறிக் கிடந்தனவே தவிர, பால்வீதியின் தளத்தில் குவியவில்லை. இது தொலைவை உணர்த்தும் வலுவான குறிப்பு என்றாலும் அளவீடு ஆகாது. காமா கதிர்க் கருவிகள் திசையைத் துல்லியமாகக் காட்டாததால், எந்தப் புள்ளியில் தொலைநோக்கியைத் திருப்புவது என்பதே தெரியாதிருந்தது.

1997 பிப்ரவரி 28 அன்று இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து உருவாக்கிய பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள், ஒரு வெடிப்பு நிகழ்ந்து எட்டு மணி நேரத்தில் அதே இடத்தில் மங்கிக்கொண்டிருந்த எக்ஸ் கதிர் மூலத்தைப் படம்பிடித்தது. யான் வான் பாரடைஸின் குழுவினர் லா பால்மா தீவிலிருந்த வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியால் கண்ணுறு ஒளியிலும் அதைக் கண்டனர். அதே ஆண்டு மே 8 அன்று நிகழ்ந்த மற்றொரு வெடிப்பின் பின்னொளியை ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கி நிறமாலையாகப் பிரித்தபோது, செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் கூடும் அளவு) குறைந்தபட்சம் 0.835 என்று தெரிந்தது. அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 700 கோடி ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.

என்னை இன்றும் வியக்கவைப்பது அந்த மே மாத வெடிப்பின் ரேடியோ பின்னொளிதான். டேல் ஃபிரெயிலும் உடன் பணியாற்றியோரும் நியூ மெக்சிகோவின் ரேடியோ தொலைநோக்கி வரிசையால் கவனித்தபோது, முதல் சில வாரங்கள் அதன் வலிமை தாறுமாறாக ஏறி இறங்கியது, பிறகு அமைதியடைந்தது. விண்மீன்கள் கண்சிமிட்டுகின்றன, கோள்கள் சிமிட்டுவதில்லை என்று சிறுவயதில் கற்றிருப்போம். கோள்களின் தோற்ற அளவு பெரிது என்பதே அதற்குக் காரணம். நம் பால்வீதியின் மின்னேற்ற வாயுவும் ரேடியோ மூலங்களை அவ்வாறே சிமிட்டவைக்கிறது. சிமிட்டல் ஓய்ந்தது என்றால் மூலம் பெரிதாகிவிட்டது என்று பொருள். கணக்கிட்டபோது ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கிலோமீட்டர் என்ற அளவு கிடைத்தது. நான்கு வாரங்களில் அந்த அளவை எட்டுவதற்கு ஒளியை நெருங்கும் வேகத்தில் விரிந்தால்தான் முடியும். அதுவரை கோட்பாடாக இருந்த ஒன்று, ஒரு சிமிட்டல் நின்றதைக் கொண்டு நேரடியாக அளக்கப்பட்டது.

கேள்வி: இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? கணக்கு மிகையாகத் தெரிகிறதே?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் ஐயம் வானியலாளர்களுக்கும் வந்தது. 1999 ஜனவரி 23 வெடிப்பு எல்லாத் திசைகளிலும் சமமாக ஒளிவீசியது என்று கொண்டால், சூரியனின் முழு நிறையையும் ஆற்றலாக்கினாலும் போதாது. ஆனால் ஒளி குறுகிய தாரையில் மட்டுமே பாய்கிறது. தாரை வேகமிழந்து பக்கவாட்டிலும் தெரியத் தொடங்கும்போது, பின்னொளி எல்லா அலைநீளங்களிலும் ஒரே சமயத்தில் திடீரென விரைந்து மங்குகிறது. அந்த முறிவு நிகழும் நாளிலிருந்து தாரையின் அகலத்தைக் கணிக்கலாம். அது பல வெடிப்புகளில் சில பாகைகளே. அதற்கேற்பத் திருத்தினால், ஆற்றல் பெரும்பாலும் ஒரு சூப்பர்நோவாவின் ஆற்றலோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு இறங்கிவிடுகிறது.

கேள்வி: வெறுங்கண்ணால் ஒரு வெடிப்பைக் காண முடியுமா?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: ஒருமுறை முடிந்திருக்கும். 2008 மார்ச் 19 அன்று, சுவாதி நட்சத்திரம் இருக்கும் பூட்டிஸ் தொகுதியில் நிகழ்ந்த வெடிப்பு, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், இருண்ட வானத்தில் கண்ணுக்குப் புலப்படும் ஒளியளவை எட்டியது. அரை மணி நேரத்துக்கு முன் அருகிலேயே இன்னொரு வெடிப்பு நடந்திருந்ததால், சிலியிலிருந்த அகன்ற கோணக் கருவிகள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அதனால் முதல் நொடிகளே பதிவாயின. அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 750 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது பூமியே பிறக்கவில்லை.

கேள்வி: இந்த ஆய்வில் இந்தியாவின் பங்கு உண்டா?
– வாசகர், சென்னை

பதில்: உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டின் காட்மியம் ஜிங்க் டெல்லுரைடு கருவி, வெடிப்பொளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலைகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்கின்றன என்பதை, அளக்கிறது. முதல் பதிலில் சொன்ன தீராத வழக்கில் காந்தப்புலத்தின் பங்கை அறிய இந்த அளவீடு மிகவும் தேவை. லடாக்கின் ஹன்லேயில் 70 செ.மீ. தானியங்கித் தொலைநோக்கி கண்ணுறு பின்னொளியையும், புனே அருகே கோடாட்டிலுள்ள ரேடியோ தொலைநோக்கி வரிசை நீண்ட அலைப் பின்னொளியையும் பின்தொடர்கின்றன.